அப்பாவுக்குப் பதிலாக நான் சொன்ன சாட்சி

அப்பாவுக்குப் பதிலாக நான் சாட்சி சொன்னபோது எனக்குப் பதினொரு வயது. சபையில் எல்லோரும் கைதட்டினார்கள். பாஸ்டரம்மா என்னைக் கட்டிப்பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். அடுத்த வாரம் ஓய்வுநாள் பள்ளியில், மூடியில் ரோஜாப்பூ படம் போட்ட டிபன் பாக்ஸ் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். அதில் இரண்டு வருடம் பள்ளிக்கூடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். இத்தனை பேர் சேர்ந்து என்னைப் பாராட்டியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அதனால்தானோ என்னவோ, அன்று நான் செய்தது என்ன என்று விளங்க வெகுகாலம் ஆயிற்று.

சாட்சி என்றால் கோர்ட்டில் சொல்வது அல்ல. எங்கள் சபையில் ஆராதனைக்கு நடுவே ஒருவர் எழுந்துபோய், ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை மைக்கில் சொல்வதற்கு அந்தப் பெயர். வேலை கிடைத்தவர்கள் சொல்வார்கள், பிள்ளை பெற்றவர்கள் சொல்வார்கள். தொலைந்துபோன ரேஷன் கார்டு திரும்பக் கிடைத்ததற்காக ஒரு அம்மா கால் மணி நேரம் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டிருக்கிறேன். ஆனாலும் பெரிய நோயிலிருந்து பிழைத்தவர் சொல்லும் சாட்சிக்குத்தான் மரியாதை அதிகம். அன்றைக்கு மட்டும் பின்வரிசைக்காரர்கள்கூட எழுந்து வெளியே போகமாட்டார்கள்.

அப்போது நாங்கள் லிங்கராஜபுரத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், ஒரு ஷீட் வீட்டில் குடியிருந்தோம். அம்மா கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் சட்டைகளுக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். அப்பா சொந்தமாக ஒரு பழைய மேட்டடார் வேன் வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். மொத்தம் பதினெட்டுப் பிள்ளைகள். நானும் அதில் ஒருத்தி. ஒருவரையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இரட்டைச் சடைக்காரி டபுள் பெல். எப்போதும் சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே ஓடிவருகிறவன் லாஸ்ட் பஸ். வேன் கிளம்பியதும் ஜன்னலில் சாய்ந்து தூங்கிப்போகிற ஒன்றாம் வகுப்புப் பெண் மகாராணி. வாசலில் நிற்கிற தாய்மார்களிடம் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் உருதுவிலும் அவரவருக்குத் தகுந்தபடி பேசுவார். நாலு பாஷையிலும் அவருக்குக் கேலி வரும். வேன் டீசலில் ஓடவில்லை, உங்கள் வாயில்தான் ஓடுகிறது என்று அம்மா சொல்வாள். அதற்கும் ஏதாவது பதில் வைத்திருப்பார்.

நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது அவருக்குக் காதுக்குக் கீழே கழுத்தில் ஒரு நெறி கட்டியது. சொத்தைப் பல்லால் இருக்கும் என்று பல்லைப் பிடுங்கினார்கள். நெறி போகவில்லை. பிறகு சளி என்றார்கள், பிறகு வேறென்னவோ என்றார்கள். தூங்கி எழுந்தால் பனியன் பிழிகிற மாதிரி நனைந்திருக்கும். பேன்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக்கொண்டார். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் அந்த நெறியிலிருந்து சதை எடுத்துப் பார்த்து, லிம்போமா என்றார்கள்.

அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கேன்சர் என்றும் சொன்னதில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் நெறிக்கு ஆபரேஷன் என்று சொன்னோம். உண்மை தெரிந்தால் வேனில் பிள்ளைகளை அனுப்பமாட்டார்கள் என்று அம்மாவுக்குப் பயம். ஒட்டிக்கொள்ளும் என்று நினைக்கிற காலம் அது. தங்கவயலிலிருந்து அத்தையின் கணவர் வந்து எங்களோடு தங்கி, வேனை ஓட்டினார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் டபுள் பெல்லை அவளுடைய முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

மூன்று வாரத்துக்கு ஒரு முறை அப்பாவுக்கு மருந்து ஏற்றினார்கள், ஆறு முறை. ஒரு பாட்டிலில் சிவப்பு மருந்து. அது ஏறினால் இரண்டு நாள் வாந்தி. தலைமுடி போயிற்று, மீசை போயிற்று, புருவம்கூடப் போயிற்று. ஆச்சரியம் என்னவென்றால், அந்த நாலு மாதமும் அப்பா அப்பாவாகவே இருந்தார். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, ஷாம்பு செலவு மிச்சம் என்றார். வாந்தி எடுத்துவிட்டு வாய் கொப்பளித்து வந்து, எனக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என்ன தைரியம், என்ன தைரியம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பக்கத்துப் படுக்கையில் தும்கூரிலிருந்து வந்த ஒரு காலேஜ் பையன் இருந்தான். அதே வியாதி, அதே சிவப்பு மருந்து. அப்பாவுக்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டவன். அப்பா அவனுக்கு இன்ஜினியர் என்று பெயர் வைத்தார். அவனுக்குக் கடைசி முடியும் கொட்டிய வாரம், அப்பா ஒரு சீப்பு வாங்கி, கலர் பேப்பரில் சுற்றி அவனுக்குப் பரிசாகக் கொடுத்தாராம். பையன் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடிவந்து திட்டினாளாம். ஒரு தடவை அம்மாவோடு போயிருந்தபோது நானும் அவனைப் பார்த்தேன். அந்தச் சீப்பை அவன் சட்டைப் பையில் பேனா மாதிரி செருகியிருந்தான்.

மார்ச் மாதம் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, எல்லாம் போய்விட்டது, இனி மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டினால் போதும் என்றார் டாக்டர். அம்மா அங்கேயே, வராந்தாவில், ஆள் நடமாட்டத்துக்கு நடுவில் முழங்கால் போட்டாள். மாமா வேன் சாவியை அப்பா கையில் கொடுத்துவிட்டுத் தங்கவயலுக்குத் திரும்பிப் போனார். வீட்டில் பாயசம் வைத்தோம்.

அதற்குப் பிறகுதான் அப்பா படுத்தார்.

முதலில் களைப்பு என்று நினைத்தோம். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. அடுத்த வாரம் ஓட்டுகிறேன் என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வேறு வேனுக்கும் ஆட்டோவுக்கும் மாறிப்போனார்கள். நான் பஸ்ஸில் போகத் தொடங்கினேன். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது டபுள் பெல் வேறொரு வேனில் உட்கார்ந்து என்னைக் கடந்து போவாள். கையை ஆட்டுவாள். நான் பார்க்காத மாதிரி நிற்பேன்.

எங்கள் வேன் தெருமுனையில் புங்க மரத்தடியில் நின்றது. மேலெல்லாம் சருகு. நான் நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது அப்பா அதற்குள்தான் இருப்பார். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு, ஸ்டீரிங்கில் ஒரு கையை வைத்திருப்பார். இன்னொரு கை கழுத்தில் இருக்கும். காதுக்குக் கீழே, பழைய நெறி இருந்த இடத்தில், இரண்டு விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருப்பார். கண்ணாடியைத் தட்டினால் திரும்பிப் பார்ப்பார். யாரோ முகவரி விசாரிக்க வந்தவரைப் பார்க்கிற பார்வை அது. பிறகுதான் கதவைத் திறப்பார். அம்மா ஃபேக்டரியிலிருந்து வருவதற்கு முன் வீட்டுக்குள் வந்துவிடுவார். அவர் வேனைத் துடைத்துக்கொண்டிருக்கிறார் என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி வழக்கம்போல, “ஊட்டா ஆயிதா?” என்று கன்னடத்தில் விசாரித்தால், சாப்பிட்டோமா இல்லையா என்பதே தனக்குத் தெரியாததுபோல் அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார். நாலு பாஷை பேசிய மனிதர் ஒரு பாஷையிலும் பேசவில்லை. குளிக்கச் சொன்னால் குளித்தார். சாப்பிடச் சொன்னால் தட்டின் முன் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அடுத்த செக்கப்புக்குப் போன அன்று எனக்கு லீவு. அவர்களோடு நானும் போனேன். டாக்டர் அப்பாவின் கழுத்து, அக்குள் எல்லாம் தொட்டுப் பார்த்துவிட்டு, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். அப்பா வாயைத் திறந்தார். அதற்குள் அம்மா முந்திக்கொண்டு, நல்லா இருக்காரு சார், சாப்பாடுதான் கொஞ்சம் கம்மி என்றாள். டாக்டர் ஒரு டானிக் எழுதிக்கொடுத்தார். வெளியே அறுபது எழுபது பேர் காத்திருந்தார்கள். அவரையும் குறை சொல்ல முடியாது.

நானும் அம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்த சித்ரான்னத்தைச் சாப்பிட்டோம். அப்பா இன்ஜினியர் பையனைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வார்டு பக்கம் போனார். தூரத்தில் அவர் ஒரு நர்ஸிடம் பேசிக்கொண்டிருப்பது தெரிந்தது. நர்ஸ் அவர் கையைத் தொட்டு ஏதோ சொன்னாள். திரும்பி வந்தவரிடம், பையன் வந்திருக்கிறானா என்று அம்மா கேட்டாள்.

“இல்ல. வரல” என்றார்.

பஸ்ஸில் இடம் இருந்தும் அவர் லிங்கராஜபுரம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார்.

அந்த மாதம் அத்தை ஊரிலிருந்து வந்தாள். அப்பாவுக்கு அக்கா, கண்டிப்பானவள், தம்பி மேல் உயிரையே வைத்திருந்தவள். இரண்டு நாள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் அடுப்படியில் அம்மாவிடம் சொன்னாள்.

“சொகமானப்புறமும் மூஞ்சத் தொங்கப் போட்டுனு உக்காந்துனு இருந்தா என்னா அர்த்தம்? போன சீக்கு வாசல்லயேதான் நின்னுனு இருக்கும். நம்மளத்தான் கூப்புடறாங்கன்னு உள்ள வந்துடும்.”

அவள் பயத்தில் சொன்னாள் என்று இப்போது தெரிகிறது. அப்போது வெங்காயம் உரித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அது டாக்டர் சொன்னதைவிட நிச்சயமாகப் பட்டது. அன்றிலிருந்து நானும் அப்பாவின் கழுத்தையே பார்க்க ஆரம்பித்தேன். அவர் சிரிக்காத ஒவ்வொரு நாளும் அந்த நெறி கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது என்று நம்பினேன். வீட்டில் ஏதாவது வேடிக்கை செய்து காட்டுவேன். அவர் சிரிக்காவிட்டால் எனக்குக் கோபம் வரும். வேண்டுமென்றே செய்கிறார் என்றுகூடத் தோன்றியது.

அம்மாவுக்கும் அதே பயம். அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அப்பா பிழைத்தால் சபையில் சாட்சி சொல்ல வைக்கிறேன் என்று அவள் ஆண்டவரிடம் வாக்குக் கொடுத்திருந்தாள். அது பாக்கி நிற்பதால்தான் அவர் இப்படி இருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. அப்பா சபைக்கு வருவார், பின்னால் உட்காருவார், பாட்டுக்குக் கைதட்டுவார், அவ்வளவுதான். மைக் முன்னால் போனவர் இல்லை.

“ஆறு மாசம் முட்டி தேய ஜெபம் பண்ணேங்க. நீங்க ரெண்டு வார்த்த சொன்னா போதும்” என்றாள் அம்மா.

அப்பா சரி என்றார். அந்த நாட்களில் அவர் எதற்கும் சரி என்றுதான் சொன்னார்.

என்ன பேசுவது என்று எழுதும் வேலை என்னிடம் வந்தது. நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ் எழுத்து ஓய்வுநாள் பள்ளியில் கற்றதுதான். அம்மா சப்பாத்தி தேய்த்துக்கொண்டே சொல்லச் சொல்ல, கோடு போட்ட தாளில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். பெரிய வியாதியில் கிடந்தேன், மனுஷர்கள் கைவிட்டார்கள், ஆண்டவர் தூக்கிவிட்டார், இப்போது எனக்கு எந்தக் குறையும் இல்லை, எந்தப் பயமும் இல்லை, சந்தோஷமாக இருக்கிறேன் என்று அது போகும். மனுஷர்கள் யாரும் கைவிடவில்லை. ஆனால் எல்லாச் சாட்சியிலும் அந்த வரி உண்டு. கடைசியில் அம்மாவைக் கேட்காமல் நானாக ஒரு வரி சேர்த்தேன். நாளை முதல் மறுபடியும் வேன் ஓட்டப்போகிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு வேனுக்குப் போனேன். அவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, டீச்சர் மாதிரி ஒவ்வொரு வரியாக வாசித்துக்காட்டி, திருப்பிச் சொல்லச் சொன்னேன். இரண்டு வரி சொன்னார். பிறகு தாளைத் தன் கையில் வாங்கிப் பார்த்தார்.

“பயம் இல்லன்னு எழுதியிருக்கியே, பாப்பா.”

“அம்மாதான் எழுதச் சொன்னாங்க.”

“சந்தோஷமா இருக்கேன்னு எழுதியிருக்க.”

“ஏம்ப்பா, நீங்க சந்தோஷமா இல்லியா?”

அவர் என்னைப் பார்த்தார். ரொம்ப நாள் கழித்து அவர் என்னைச் சரியாகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். ஏதோ சொல்லத் தொடங்குகிறவர்போல் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். எனக்கு அவசரம். இருட்டுவதற்குள் ஒன்றரைப் பக்கமும் அவருக்கு மனப்பாடம் ஆக வேண்டும்.

“அடுத்த வரி சொல்லுங்கப்பா” என்றேன்.

மறுநாள் சபை நிறைந்திருந்தது. சபை என்றால் தகரக் கூரை போட்ட ஒரு நீண்ட ஹால்தான். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அத்தையும் மாமாவும் வந்திருந்தார்கள். அம்மா எல்லோருக்கும் பிரியாணிக்குச் சொல்லியிருந்தாள். அப்பாவுக்கு அவளே புதுச் சட்டை தைத்திருந்தாள். பழைய அளவுக்குத் தைத்துவிட்டதால் காலருக்குள் கழுத்து தனியாக நின்றது.

பாஸ்டர் அப்பாவைப் பெயர் சொல்லி அழைத்தார். நல்ல மனிதர் அவர், ஆஸ்பத்திரிக்கு வாராவாரம் வந்து பார்த்தவர். அப்பா மெதுவாக நடந்து மேடைக்குப் போனார். மைக் முன்னால் நின்று, சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, விரித்துப் பார்த்தார். அதை மறுபடி மடித்துப் பைக்குள்ளேயே வைத்துவிட்டார்.

“எல்லாருக்கும் ஸ்தோத்திரம்” என்றார். சபையும் ஸ்தோத்திரம் என்றது.

“ஆஸ்பத்திரியில எனக்குப் பக்கத்து பெட்டுல ஒரு பையன் இருந்தான்.”

அதோடு நிறுத்தினார். இது நான் எழுதியதில் இல்லவே இல்லை. அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“அவனுக்கும் இதே வியாதிதான். அவனுக்கும் எல்லாம் போயிடுச்சின்னு சொன்னாங்க. அவன்…”

மறுபடி நிறுத்தினார். முன்வரிசையில் ஒரு பெரியவர் அவரைத் தைரியப்படுத்துவதற்காக ஸ்தோத்திரம் என்றார். இன்னும் இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். தபேலா வாசிக்கிற அண்ணன் பாட்டு ஆரம்பிக்க வேண்டுமோ என்று பாஸ்டரைப் பார்த்தான். அப்பா மைக்கைப் பிடித்தபடி நின்றார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துவிட்டாள்.

மறந்துவிட்டார் என்று நினைத்தேன். மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோய், வாய்க்கு வந்ததைச் சொல்லி, அதுவும் வராமல் நிற்கிறார் என்று நினைத்தேன். சாட்சி பாதியில் நின்றால் வாக்கு நிறைவேறாது. வாசலில் நிற்பது உள்ளே வந்துவிடும். நான் எழுந்து பாய்களை மிதித்துக்கொண்டு மேடைக்கு ஓடினேன். அவர் கையைத் தொட்டு, பெரிய வியாதியில் கிடந்தேன், பெரிய வியாதியில் கிடந்தேன் என்று முதல் வரியை ரகசியமாக எடுத்துக்கொடுத்தேன்.

அப்பா என்னைக் குனிந்து பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. பிறகு மைக் ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தி, அதை என் உயரத்துக்கு இறக்கிவைத்து, மறுபடி இறுக்கினார். என் தோளில் கை வைத்துக்கொண்டு ஒரு எட்டுப் பின்னால் நின்றுகொண்டார்.

நான் சொன்னேன். ஒன்றரைப் பக்கத்தையும், கிடந்தேன் என்று வரும் இடத்தில் எல்லாம் அப்பா கிடந்தார் என்று மாற்றி, ஒரு இடத்திலும் திக்காமல், பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் சொல்வதுபோல் ஏற்ற இறக்கத்தோடு சொன்னேன். இப்போது அப்பாவுக்கு எந்தப் பயமும் இல்லை என்றேன். சந்தோஷமாக இருக்கிறார் என்றேன். நாளை முதல் வேன் ஓட்டப்போகிறார் என்று முடித்தேன். கைதட்டல் தகரக் கூரையில் மழை பெய்வதுபோல் கேட்டது. உடனே பாட்டு ஆரம்பித்தது. அம்மா அழுதுகொண்டே பாடினாள்.

பிரியாணிப் பந்தியில் என்னை மாற்றி மாற்றிக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அத்தை என் கன்னத்தைக் கிள்ளி, தன் இலையிலிருந்த கறித்துண்டை எடுத்து எனக்கு வைத்தாள். அப்பாவைக் காணோம் என்று நான்தான் தேடிப்போனேன். ஹாலுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி அருகில் கை கழுவிக்கொண்டிருந்தார். அவர் இன்னும் சாப்பிடவே இல்லை.

“நல்லா சொன்ன பாப்பா. ஒரு எடத்துலகூட நிக்கல” என்றார்.

“நீங்க ஏம்ப்பா மறந்துட்டீங்க?”

குழாயை மூடினார். கைக்குட்டையை எடுத்து, ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

“ஆமா பாப்பா. மறந்துட்டேன்” என்றார்.

திங்கட்கிழமை காலை அவர் வேனை எடுத்தார். மகள் சபை முன்னால் சொன்ன வார்த்தை பொய்யாகக் கூடாது என்று எடுத்தாரோ என்னவோ. சருகையெல்லாம் கூட்டித் தள்ளிவிட்டு, நாலு தடவை முயன்று ஸ்டார்ட் செய்தார். என் சாட்சியால் நடந்த அற்புதம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஒன்றிரண்டு மாதத்தில் பழைய பிள்ளைகளில் பாதிப்பேர் திரும்பி வந்தார்கள். அப்பா அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அந்த வியாதி அவருக்குத் திரும்பி வரவே இல்லை. தினமும் எழுந்தார், குளித்தார், வேன் ஓட்டினார், என்னைப் படிக்கவைத்தார். யார் கேட்டாலும் நல்லா இருக்கேன் என்றார். அவர் அதைச் சொல்லப் பழகிக்கொண்ட பிறகு நாங்கள் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. கேலி மட்டும் போய்விட்டது. வயதானால் ஆண்கள் அப்படித்தான் என்று அம்மா சொல்வாள். அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு.

நான் பி.யூ.சி. படிக்கும்போதுதான் அம்மா ஏதோ பேச்சுவாக்கில் சொன்னாள். தும்கூர்ப் பையன் குணமாகி வீட்டுக்குப் போன இரண்டாவது மாதமே அவனுக்குத் திரும்ப வந்துவிட்டதாம். நாங்கள் செக்கப்புக்குப் போனதற்கு முந்தின வாரம் அவன் இறந்துவிட்டானாம். அப்பா அதை அவளிடமே ஒரு வருடம் கழித்துத்தான் சொன்னாராம். அன்று மேடையில் எதைச் சொல்ல வந்தார் என்று பாதி அப்போது புரிந்தது. பையன் செத்துப்போன துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. பரீட்சை இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம், வருடாந்திரச் செக்கப்புக்கு ஒரு முறை அப்பாவை நான் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் பார்த்து முடித்த பிறகு, புதிதாக இன்னொரு அறைக்கும் போகச் சொன்னார்கள். நடுவயதுப் பெண்மணி ஒருவர் உட்கார்ந்திருந்தார். கவுன்சலர், தமிழ்க்காரர். கையில் ஒரு ஃபாரம் வைத்துக்கொண்டு, எங்கள் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தூக்கம் வருகிறதா, அழுகை வருகிறதா, முன்னால் பிடித்த எதிலாவது இப்போது மனம் போகிறதா, ஏன் பிழைத்தோம் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாக, அவசரப்படாமல் கேட்டார்.

நான் சொன்னேன், “அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம். அப்பா நல்லா இருக்காரு.”

“நான் அவரக் கேட்டேன்மா” என்றார் அந்தப் பெண்மணி. கோபமாகச் சொல்லவில்லை.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்லலாமா என்று அனுமதி கேட்கிற பார்வை. எனக்கு முகம் சுட்டது.

“எப்பருந்துன்னு சொல்றதுங்க…” என்றார் அவரிடம். பிறகு கழுத்தில் கையை வைத்துக்கொண்டார்.

நீங்கள் கொஞ்சம் வெளியே இருக்க முடியுமா என்று அந்தப் பெண்மணி என்னிடம் கேட்டார். நான் வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். கதவு சாத்தியிருந்தது. நாற்பது நிமிடம் ஆயிற்று. உள்ளேயிருந்து அப்பாவின் குரல் விட்டு விட்டுக் கேட்டது. வார்த்தை எதுவும் பிடிபடவில்லை. ஒரு முறை குரல் உடைந்தது. ஒரு முறை, நம்பமுடியாமல், அவர் லேசாகச் சிரித்தார். எழுந்து கதவருகில் போய் நின்றேன். பிறகு அது தப்பு என்று தோன்றி, திரும்ப வந்து உட்கார்ந்தேன்.

முகம் கழுவிய ஈரத்தோடு வெளியே வந்தார். ஆட்டோவில் வரும்போது வெகுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

“உள்ள என்னப்பா சொன்னீங்க?”

“அது அந்தம்மாகிட்ட சொன்னது பாப்பா” என்றார். என் மனம் நோகக் கூடாதென்று என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

அதன் பிறகு மாதம் ஒரு முறை அந்த அறைக்குத் தனியாகவே போய்வந்தார். மூன்று வருடம் கழித்து மாரடைப்பில் இறந்துபோகும்வரை போய்வந்தார். அங்கே என்ன பேசினார் என்று நான் மறுபடி கேட்கவில்லை. கேட்கும் தகுதி எனக்கு இல்லை. அதை என் காதில் விழும்படி அவர் சொல்லத் தொடங்கியது ஒரே ஒரு முறைதான், அந்த மேடையில். அன்று நான், அவர் மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.